கானாவின் கால்களும் ஒரு கையெழுத்தும்

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

கானா என்றதும் டெஸ்க்கில் தாளம் போட ஆரம்பித்துவிடாதீர்கள் நண்பர்களே! இது சென்னைக் கானா அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் கடலோரம், ஐவரி கோஸ்ட்டுக்கும் டோகோவுக்கும் நடுவில் இருக்கிற கானா. நாம் தின்கிற சாக்லேட்டுக்கு கோகோ விளைகிற நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டை விடப் பெரியது. ஜனத்தொகையில் நம்மில் பாதிகூடக் கிடையாது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 3 கோடிப் பேர்தான். அந்த 3 கோடிப் பேரும் கால்பந்துப் பைத்தியம் என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகை.

"கிரிக்கெட் பத்தி எழுதினா நாலு பேர் படிப்பான். கானா ஃபுட்பாலை யாருடா படிப்பான்?" என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் கேட்டான். சாயங்காலம் ஒர்க்‌ஷாப் முடிந்ததும் காக்கிப் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நம் கல்லூரி மைதானத்தில் இறங்குகிற இருபத்தைந்து பேராவது படிப்பார்கள் என்று சொல்லி, சண்டை போட்டுத்தான் இந்தப் பக்கங்களை வாங்கியிருக்கிறேன். மானத்தைக் காப்பாற்றுங்கள்.

எனக்கு கானா அறிமுகமானது 2022 உலகக் கோப்பையில். நான் அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 28-ஆம் தேதி கானாவும் தென் கொரியாவும் ஆடிய ஆட்டத்தை, பக்கத்து வீட்டு அண்ணனின் போனில், ஐந்து பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். கானா 2-0 என முன்னால் போகிறது. கொரியா மூன்று நிமிஷத்தில் இரண்டு கோல் திருப்பி அடித்து 2-2 ஆக்குகிறது. அப்புறம் முகமது குடுஸ் என்ற 22 வயதுப் பையன் இடது காலால் ஒன்று வைத்தான் பாருங்கள்! 3-2. அந்த ஆட்டத்தில் அவனுக்கு அது இரண்டாவது கோல். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. நூலகத்தில் கிடைத்ததையும் போனில் கிடைத்ததையும் படித்துப் படித்து, பாடத்தில் படித்ததை விட இதைத்தான் அதிகம் படித்திருக்கிறேன். (துறைத் தலைவர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.)

கதை 1903-இல் தொடங்குகிறது. அப்போது அந்த நாட்டுக்கு கானா என்ற பெயரே இல்லை. கோல்ட் கோஸ்ட், அதாவது தங்கக் கடற்கரை. வெள்ளைக்காரன் வைத்த பெயர். எதற்காக வந்தான் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டான்! கேப் கோஸ்ட் என்ற கடற்கரை ஊரில் இருந்த அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஜமைக்காக்காரர். அவர் தன் மாணவர்கள் 22 பேரைச் சேர்த்து 'எக்செல்சியர்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். பகலில் ஆடினால் ஊர் சிரிக்கும் என்று நிலா வெளிச்சத்தில் ரகசியமாகப் பழகினார்கள் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் கதை. அந்த ஆண்டுக் கடைசியில்தான் ஊர் முன்னால் ஆடிக் காட்டினார்கள். கானாவின் கால்பந்து கோட்டையிலோ கப்பலிலோ பிறக்கவில்லை, ஒரு பள்ளிக்கூடத்தில் பிறந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் கிளப்புகள் முளைத்தன. 1911-இல் தலைநகர் அக்ராவில் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக். உள்நாட்டில், அசாந்தி மக்களின் தலைநகரான குமாசியில், அசாந்தே கொட்டோகோ. இந்த இரண்டாவது கிளப்பின் ஆரம்பம் எனக்கு மிகவும் பிடித்தது. அக்ராவுக்குப் போய் அங்கே நடந்த ஆட்டத்தைப் பார்த்து வந்த குவாசி குமா என்ற ஒரு கார் டிரைவர், "நம்ம ஊருக்கும் ஒண்ணு வேணும்" என்று 1920-களில் ஆரம்பித்த குழு அது. இரண்டு மூன்று பெயர் மாறி 1935-இல் கொட்டோகோ ஆனது. கொட்டோகோ என்றால் முள்ளம்பன்றி. ஆயிரம் பேரைக் கொன்றால் இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள் என்பது அவர்கள் கொள்கை வாசகம். ஆப்பிரிக்கக் கண்டத்து கிளப் சாம்பியன் பட்டத்தை 1970-லும் 1983-லும் வென்ற அந்தப் பெரிய கிளப்பை ஆரம்பித்தது ஒரு டிரைவர் என்பதைப் பஸ்ஸில் போகும்போது நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

1951-இல் கோல்ட் கோஸ்ட் அணி இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் சுற்றுப்பயணம் போனது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். சேறும் குளிருமான மைதானங்கள். (1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் இந்திய வீரர்களிலும் பலர் வெறுங்காலோடுதான் பிரான்ஸை எதிர்த்து ஆடினார்கள், 2-1 என்றுதான் தோற்றார்கள்.) அந்தச் சுற்றுப்பயணத்தில் போனவர்களில் ஒருவர் சார்லஸ் குமி ஜியாம்ஃபி. பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், சி.கே.ஜியாம்ஃபி. திரும்ப வருவார்.

1957 மார்ச் 6-ஆம் தேதி சுதந்திரம் வந்தது. சஹாராவுக்குத் தெற்கே வெள்ளைக்கார ஆட்சியிலிருந்து முதலில் விடுபட்ட ஆப்பிரிக்கக் காலனி நாடுகளில் ஒன்று. தலைவர் குவாமே என்க்ருமா. அந்த ஆண்டே இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்டான்லி மாத்யூஸ் அங்கே போய் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் குழுவுக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். அவருக்குப் பட்டம் கட்டி 'சாக்கர்ஹேனே' என்று பெயர் சூட்டினார்கள். 'ஹேனே' என்றால் அவர்கள் மொழியில் ராஜா. கட்டவுட் நாம் மட்டும்தான் வைப்போம் என்று நினைத்திருந்தேன்!

என்க்ருமாவுக்குக் கால்பந்து வெறும் விளையாட்டு இல்லை. ஆப்பிரிக்கா முழுவதும் ஒன்றாக வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கனவைப் பேச்சால் சொல்வதை விடப் பதினொரு பேரை விட்டு ஆடிக் காட்டினால் சீக்கிரம் புரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தேசிய அணிக்கு 'பிளாக் ஸ்டார்ஸ்', கருப்பு நட்சத்திரங்கள் என்று பெயர். மார்க்கஸ் கார்வி 1919-இல் தொடங்கிய 'பிளாக் ஸ்டார் லைன்' என்ற கருப்பர்களின் கப்பல் கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. தேசியக் கொடியின் நடுவிலும் அதே கருப்பு நட்சத்திரம்.

இந்த வேலைக்கு என்க்ருமா பிடித்த ஆள் ஓஹேனே ஜான். இவரைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத ஆசைப்படுகிறேன். ஏனென்றால் கோல் அடித்தவர்களை எல்லோருக்கும் தெரியும், ஃபைல் பார்த்தவரை யாருக்கும் தெரியாது. சிதறிக் கிடந்த கிளப்புகளைச் சேர்த்து ஒழுங்கான தேசிய லீக் நடத்தியது இவர். 1961-இல் ஒவ்வொரு பெரிய கிளப்பிலிருந்தும் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களைப் பிடுங்கி 'ரியல் ரிபப்ளிகன்ஸ்' என்று ஒரு மாதிரிக் கிளப் அமைத்தார்கள். கொட்டோகோக்காரர்களுக்கு வந்ததே கோபம்! நியாயமான கோபம்தான், டிரைவர் ஆரம்பித்த கிளப்பிலிருந்து சர்க்கார் ஆள் பிடித்தால் யார் சும்மா இருப்பார்? ஆனால் அந்த ரிபப்ளிகன்ஸ் 1962-லிருந்து 1965 வரை நான்கு முறை தொடர்ந்து கானாவின் எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. அந்தப் பிள்ளைகள்தான் தேசிய அணியின் முதுகெலும்பு. 1962-இல் ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்த ரியல் மாட்ரிட் அக்ராவுக்கு வந்து கருப்பு நட்சத்திரங்களோடு ஆடியது. 3-3! ஐந்து வருஷத்துக் குழந்தை நாடு அது.

இப்போது ஜியாம்ஃபி. 1960-இல் அவர் மேற்கு ஜெர்மனியின் ஃபோர்ச்சுனா டுசல்டார்ஃப் கிளப்புக்குப் போனார். ஜெர்மன் கிளப் ஒன்றில் ஆடிய முதல் ஆப்பிரிக்கர்களில் அவர் ஒருவர். போனவர் ஆடியதோடு நிற்கவில்லை, பயிற்சியாளர் தொழிலையும் கற்றுக்கொண்டார். அப்புறம் ஊருக்குத் திரும்பி வந்தார். அதற்கு முன்பு கானா அணிக்கு ஐரோப்பியர்கள்தான் பயிற்சியாளர்கள். 1963-இல் ஆப்பிரிக்கக் கோப்பை கானாவில் நடந்தபோது அணியை நடத்தியவர் ஜியாம்ஃபி. இறுதி ஆட்டத்தில் சூடானை 3-0 என்று வென்றார்கள். 1965-இல் துனிசியாவுக்கே போய், துனிசியாவையே கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றார்கள். 17 வருஷம் கழித்து 1982-இல், லிபியாவில், பெனால்ட்டி வரை போன இறுதி ஆட்டத்தில் மறுபடியும் கோப்பை. அப்போதும் அதே ஜியாம்ஃபிதான்! மூன்று கோப்பை, ஒரே பயிற்சியாளர். இடையில் 1978-இல் அக்ராவில் உகாண்டாவை 2-0 என்று வென்றதையும் சேர்த்தால் கானாவுக்கு மொத்தம் நான்கு. அந்த 1978 வெற்றிதான் மூன்றாவது என்பதால் கோப்பையையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

கோப்பைகளை விட எனக்கு ஆச்சரியமாக இருப்பது ஒரு தந்தி. 1966 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா என்ன ஏற்பாடு செய்தது தெரியுமா? மொத்தம் 16 இடம். அதில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்று கண்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம்! ஆப்பிரிக்காவில் ஜெயித்தவன் மற்றவர்களோடு மறுபடி மோதி அந்த ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஃபிஃபா செயற்குழுவிலேயே இருந்த ஓஹேனே ஜான், இது நியாயமில்லை என்று தந்தி அடித்தார். ஃபிஃபா இறங்கி வரவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் ஒன்றாக விலகிக்கொண்டன. அபராதம் போட்டார்கள்; கவலைப்படவில்லை. ஆசியாவிலிருந்து வட கொரியா போய் இத்தாலியை வீழ்த்தியது தனிக்கதை. ஆனால் 1970 உலகக் கோப்பையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு என்று ஒரு நிச்சயமான இடம் கிடைத்தது. கானாவின் அந்தத் தலைமுறை, ஓசெய் கோஃபி மாதிரி ஆட்டக்காரர்கள், உலகக் கோப்பையில் ஒரு நிமிஷம்கூட ஆடாமலேயே முடிந்து போனார்கள். இன்றைக்கு மொராக்கோவும் செனகலும் உலகக் கோப்பையில் ஆடுவதைப் பார்க்கிறோமே, அதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

1966 பிப்ரவரியில் என்க்ருமாவை ராணுவம் கவிழ்த்தது. ரிபப்ளிகன்ஸ் கலைக்கப்பட்டது. அடுத்த பதினைந்து வருஷத்தில் ஆட்சிகள் மாறி மாறி வந்தன, கோகோ விலை விழுந்தது, பணம் காகிதமாயிற்று. 1983-இல் கடும் வறட்சி. அதே வருஷம் நைஜீரியா வெளியேற்றியதால் லட்சக்கணக்கான கானா மக்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். திங்கச் சோறில்லாத இடத்தில் லீக் எப்படி நடக்கும்? ஆட்டக்காரர்கள் ஐவரி கோஸ்ட்டுக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கிளம்பினார்கள். 1982 அணியில் 17 வயதுப் பையனாக இருந்த அபேதி பெலே கத்தாருக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, கடைசியில் பிரான்ஸின் மார்செய் கிளப்பில் 1993-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். மூன்று வருஷம் தொடர்ந்து ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர். ஜியாம்ஃபி போனது திரும்பி வருவதற்காக. இவர்கள் போனது பிழைப்பதற்காக. யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் உலகம் கானாவின் சின்னப் பையன்களைப் பார்த்தது. 1991-இல் இத்தாலியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைக் கானா வென்றது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம். ஒலிம்பிக் கால்பந்தில் பதக்கம் வாங்கிய முதல் ஆப்பிரிக்க நாடு. 1995-இல் மறுபடி 17 வயதுக்குட்பட்டோர் கோப்பை. பிற்பாடு 2009-இல் 20 வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டத்தில் ஒரு ஆள் வெளியேற்றப்பட்டு, பத்துப் பேராக நின்று, பிரேசிலைப் பெனால்ட்டியில் வென்றதும் இந்த வரிசைதான்.

இந்தப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அங்கே 'கோல்ட்ஸ்' கால்பந்து என்று ஒன்று உண்டு. பேட்டைக்குப் பேட்டை சின்னப் பையன்களின் குழுக்கள். மைதானம் செம்மண். புல் என்பது புத்தகத்தில்தான். விழுந்தால் முழங்கால் போச்சு; அதனாலேயே விழாமல் ஆடக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். நம் மைதானத்து ஜல்லியில் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். குழுவை நடத்துவது பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே இருக்கும் யாராவது ஒரு அண்ணன். பந்து, சீருடை, பஸ் காசு எல்லாம் அவர் கையிலிருந்து. பையனைப் பதிவு செய்யும் அட்டையும் அவர் கையில். பெரிய கிளப் வந்து பையனைக் கேட்டால் அந்த அட்டைக்கு விலை. ஆக, பத்து வயதிலேயே பையன் பெயரில் ஒரு தாள் இருக்கிறது; அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பையனின் அப்பா அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

1991-இல் அந்த இத்தாலிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் நீ லாம்ப்டி. அடுத்த பெலே இவன்தான் என்று பெலேயே பாராட்டியதாகச் சொல்வார்கள். சரியான பள்ளிப் படிப்பு இல்லாத, அடி உதையோடு வளர்ந்த பையன். நைஜீரிய ஆட்டக்காரர் ஸ்டீபன் கெஷியின் உதவியோடு ரகசியமாக நாட்டை விட்டுக் கிளம்பி, பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கிளப்பில் 16 வயதிலேயே ஆடி கோல் அடித்தார். அங்கிருந்து ஹாலந்து, இங்கிலாந்து, இத்தாலி, அர்ஜென்டினா, துருக்கி, சீனா என்று கிளப் கிளப்பாக அலைந்ததுதான் மிச்சம். ஏஜென்ட் நீட்டிய தாளில் என்ன இருக்கிறது என்று படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொன்னார். தன் பெயரில் வந்த பணத்தில் எவ்வளவு யாருக்குப் போகிறது என்பதே அவருக்கு அப்போது தெரியாது.

இதைப் படித்த அன்று நான் சரியாகத் தூங்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லில் வேலை. அம்மா தேங்காய்க் களத்துக்குப் போகிறார். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். என்ன கையெழுத்து என்றால், பெயரை வரைவார்கள். மகளிர் குழு லோன் ஃபாரம், ரேஷன் கார்டு, கேஸ் புக், ஆஸ்பத்திரிச் சீட்டு, எது வந்தாலும் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். "கண்ணு, இதுல என்னன்னு போட்டிருக்கான், பாரு." ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு நான்தான் வக்கீல். ஒரு தடவை லோன் ஃபாரத்தில் வாரத் தவணையைக் கூட்டிப் பார்த்து, சொன்ன வட்டிக்கும் கட்டுகிற பணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். அம்மா அந்தக் கடனை வாங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கு மட்டும் ஆம்லெட்.

இந்த வருஷம் கேம்பஸ் இண்டர்வியூவுக்கு ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். நம் செட்டில் பதினோரு பேரை எடுத்தார்கள், நானும் ஒருவன். வீட்டில் திருவிழாதான்! பிறகு அக்ரிமெண்ட் வந்தது. பன்னிரண்டு பக்கம், ஆங்கிலம். பார்ட் மாடல் டிராயிங்கை விடக் கஷ்டமாக இருந்தது. டிக்‌ஷனரி வைத்து மூன்று நாள் படித்தேன். மூன்று வருஷம் விட்டுப் போகக்கூடாது. போனால் ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம் இருக்கும். எந்த ஊருக்கு அனுப்பினாலும், எந்த வேலை கொடுத்தாலும் கேள்வி கேட்கக்கூடாது. சர்டிபிகேட்டுக்குப் பதில் நகல் தரலாமா என்று கேட்டேன். "எல்லாரும் போட்டாச்சு தம்பி, உனக்கு மட்டும் என்ன?" என்றார் வந்திருந்தவர். அப்பாவும் அதையேதான் சொன்னார். "வேலை குடுக்கறவன் தப்பாவா எழுதுவான்? போட்டுட்டு வா கண்ணு." அப்பாவிடம் லாம்ப்டி கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் பந்து ஆடறவன், நீ வேலைக்குப் போறவன்" என்று எழுந்து போய்விட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. தங்கை பத்தாவது படிக்கிறாள்; அடுத்த வருஷம் அவளுக்கும் ஃபீஸ் கட்ட வேண்டும். இதை எழுதுகிற வரையில் எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. சரி, கானாவுக்குப் போவோம்.

2001 மே 9. அக்ரா மைதானத்தில் ஹார்ட்ஸும் கொட்டோகோவும். ஹார்ட்ஸ் 2-1 என முன்னால் போனதும் கொட்டோகோ ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி வீசினார்கள். போலீஸ் கூட்டத்துக்குள் கண்ணீர்ப்புகை வீசியது. ஓடினார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. 120-க்கும் மேற்பட்டவர்கள் நசுங்கியும் மூச்சுத் திணறியும் செத்துப்போனார்கள். ஆப்பிரிக்க மைதானங்களில் நடந்த மிக மோசமான விபத்து அதுதான். இதில் எனக்குச் சொல்ல வேறெதுவும் தோன்றவில்லை.

2006-இல்தான் கானா முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனது. செக் குடியரசையும் அமெரிக்காவையும் வென்று இரண்டாம் சுற்று. 2010-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்ததை உங்களில் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். காலிறுதி, உருகுவேயுடன் 1-1, கூடுதல் நேரத்தின் கடைசி விநாடி. கோலுக்குள் போகிற பந்தை சுவாரஸ் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்ட்டி. அசமோவா ஜியான் அடித்தார். கம்பத்தில் பட்டு மேலே போனது. எந்த ஆப்பிரிக்க நாடும் அதுவரை அரையிறுதி பார்த்ததில்லை. அந்த வாசல் ஒரு கம்பியின் தடிமனில் மூடிக்கொண்டது. எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அடுத்த நிமிஷங்கள். பெனால்ட்டி ஷூட் அவுட்டில் கானாவின் முதல் உதையை அடிக்க வந்தது அதே ஜியான்தான். மேல் மூலையில் போட்டார்! மற்ற இருவர் தவறவிட்டதில் 4-2 என்று ஆட்டம் போனது. இதே ஜியான் 2019-இல் நம் நாட்டுக்கு வந்து குவஹாத்தியின் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணிக்காக ஆடினார். நான் அப்போது ஏழாவது. தெரியாமலே போய்விட்டது.

2022 டிசம்பர் 2-ஆம் தேதி மறுபடி உருகுவே. அபேதி பெலேயின் மகன் ஆந்த்ரே அயூ பெனால்ட்டியைத் தவறவிட்டார். கானா 2-0 என்று தோற்று வெளியேறியது. ஆனால் வேறு மைதானத்தில் கொரியா ஜெயித்ததால் உருகுவேயும் வெளியே! தோற்றுப்போன கானா ரசிகர்கள் சிரித்துக் கொண்டாடியதையும், சுவாரஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுததையும் போனில் பார்த்தோம். மனுஷன் மறக்கமாட்டான் ஐயா, பன்னிரண்டு வருஷம் ஆனாலும்.

இடையில் கூத்துகளும் நடந்தன. 2014 பிரேசில் உலகக் கோப்பையில், பேசிய பணம் வந்தால்தான் ஆடுவோம் என்று ஆட்டக்காரர்கள் சொல்ல, அரசாங்கம் 30 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமாக விமானத்தில் ஏற்றி அனுப்பியது. எழுதிக் கொடுத்த வாக்கை அவர்கள் நம்பவில்லை, கையில் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நிறையப் பேர் இதைப் பேராசை என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2018-இல் அனஸ் அரெமேயா அனஸ் என்ற பத்திரிகையாளரின் குழு ரகசியக் காமிராவோடு போய், நடுவர்களும் அதிகாரிகளும் பணம் வாங்குவதைப் படம் பிடித்து ஊரறியப் போட்டுக் காட்டியது. சங்கத் தலைவர் பதவி விலகினார், லீக் நின்றது, சங்கத்தையே கலைத்துப் புதிதாக அமைத்தார்கள். அந்தக் குழுவில் வேலை செய்த அகமது சுவாலே 2019 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோல் அடித்தவர்களுக்குச் சிலை வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை.

பெண்கள் அணிக்கு 'பிளாக் குவீன்ஸ்' என்று பெயர். 1999-லேயே, அதாவது ஆண்களுக்கு ஏழு வருஷம் முன்னாலேயே உலகக் கோப்பையில் ஆடிவிட்டார்கள். என் தங்கைக்கு இதைச் சொன்னதிலிருந்து வீட்டில் ஒரே ரகளை.

இப்போது குடுஸ். அக்ராவின் நிமா பகுதியில், நெருக்கமான குடியிருப்பில் வளர்ந்த பையன். 'ரைட் டு ட்ரீம்' என்ற அகாடமி 1999-இல் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே காலையில் பந்து என்றால் பகலில் வகுப்பு. இரண்டும் உண்டு, இரண்டும் கட்டாயம். அங்கே சேர்ந்த குடுஸ் 2018-இல் டென்மார்க் போனார், அப்புறம் அயாக்ஸ், 2023-இல் இங்கிலாந்து. 2025 அக்டோபரில் கொமொரோஸ் அணிக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில் கானா 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இந்த மாதிரி அகாடமிகளும் கடைசியில் பையனை வளர்த்து விற்கிற வியாபாரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், அதில் நியாயமும் இருக்கிறது. நூற்றில் ஒருவன் குடுஸ் ஆகிறான். மீதிப் பேர் என்ன ஆனார்கள்? அகாடமியில் படித்தவன் கையில் ஒரு படிப்பாவது இருக்கிறது. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தவனிடம் நிலத்தை விற்றுப் பணம் கொடுத்து, தெரியாத ஊரில் தெருவில் விடப்பட்ட கோல்ட்ஸ் பையன்கள் கதையும் அங்கே நிறைய உண்டு.

ஜியாம்ஃபி 2015-இல் காலமானார்.

லாம்ப்டி ஆட்டத்தை விட்ட பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டார். அக்ராவில் அவர் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார். கால்பந்துப் பள்ளி இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற சாதாரணப் பள்ளிக்கூடம்தான்.